அலன் டூரிங்: புள்ளிகளுக்குப் பொருள் எழுதி வைத்தவர்

அப்பா இறந்து மூன்று வருடங்களுக்குப் பிறகுதான் அவருடைய பென் ட்ரைவைத் திறந்தேன். உள்ளே 14 கோப்புகள் இருந்தன. சித்தப்பாவைத் தேடி 2009ஆம் ஆண்டிலிருந்து ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அவர் அனுப்பிய கடிதங்கள் அவை. கையால் எழுதிக் கொண்டுபோவார். வவுனியாவில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலைசெய்த பிள்ளை அதை அடித்துக் கொடுப்பாள்.

கைப்பேசியில் திறந்தபோது ஒரு தமிழ் எழுத்தும் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக ஓடின. கோப்பு பழுதாகிவிட்டது, அப்பாவின் கடைசி எழுத்தும் போய்விட்டது என்று நினைத்தேன்.

கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் பெரியம்மாவின் மகனுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் தமிழாகத் திரும்பி வந்தது. பழுது ஒன்றும் இல்லை அக்கா, இது பாமினி எழுத்துரு என்றான். பாமினியில் தமிழ் என்ற சொல்லை அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இருக்கும் கணினி அதைத் தமிழ் என்று காட்டும். இல்லாத கைப்பேசி உள்ளதை உள்ளபடி காட்டும். கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்ற தகவல்தான் வழியில் தொலைந்துபோயிருந்தது.

தன்னுடைய வேலையில் பாதி இதுதான் என்றும் அவன் சொன்னான். டிபகர் என்று ஒரு கருவி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, கணினியின் செயலிக்குள் அந்தக் கணத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. செயலிக்குள் ரெஜிஸ்டர் எனப்படும் மிகச் சிறிய அறைகள் இருக்கும்; தமிழில் பதிவகம் என்பார்கள். ஒவ்வோர் அறையிலும் இருப்பது பூச்சியங்களும் ஒன்றுகளும் மட்டுமே. அது வயதா, பெயரா, முகவரியா என்று அந்த அறையில் எங்கும் எழுதியிருக்காது. அதை வெளியிலிருந்து யாரோ சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்களில் ஒருவரைப் பற்றி வாசி என்று ஒரு பெயரையும் தந்தான். அது அலன் டூரிங்.

ஊடகக் கற்கை படித்த எனக்கு டூரிங் என்றால் ஹிட்லரின் இரகசியக் குறியீட்டை உடைத்தவர், அவ்வளவுதான். தேடி வாசித்தபோது அவருடைய கதை அப்பாவின் கடிதங்களுக்கு இவ்வளவு அருகில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங் 1912 ஜூன் 23ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சேவை அதிகாரி. தாய் ஈதல் சாரா, கோயம்புத்தூருக்கு அருகே போத்தனூரில் பிறந்தவர். தாயின் தந்தை சென்னை மாகாண இரயில்வேயில் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர்.

பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது அலனும் அண்ணன் ஜோனும் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விடப்பட்டார்கள். பெற்றோரை இடையிடையே மட்டும் காணும் பிள்ளைகளாக இருவரும் வளர்ந்தார்கள்.

1926இல் ஷெர்போர்ன் பாடசாலையில் சேர வேண்டிய நேரத்தில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம். இரயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன் சவுத்ஹம்டனில் இறங்கி ஏறக்குறைய 60 மைல் சைக்கிள் மிதித்துப் பாடசாலைக்குப் போனான். அங்கே அவனுக்கு மிக நெருங்கிய நண்பனாக இருந்தவன் கிறிஸ்டோபர் மோர்கம். 1930 பெப்ரவரியில் மோர்கம் காசநோயால் இறந்தான். அந்த இழப்பு டூரிங்கை நீண்டகாலம் விடவில்லை. மனம் என்பது உடலுக்குள் எங்கே இருக்கிறது, உடல் போனால் அது என்னவாகும் என்ற கேள்விகளை அவர் மோர்கமின் தாயுடன் கடிதங்களில் பேசினார்.

1936: ஒரே நாடாவில் எல்லாம்

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 22 வயதில் அங்கேயே கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளராகத் தெரிவானார். 1936இல் எழுதிய கட்டுரை அவருடைய பெயரை நிலைக்கவைத்தது. அதில் ஒரு கற்பனை இயந்திரம் வருகிறது. கட்டங்கள் போட்ட நீண்ட நாடா ஒன்று, அதை ஒவ்வொரு கட்டமாக வாசித்து எழுதும் தலை ஒன்று, சில விதிகள். அவ்வளவுதான்.

பிறகு அவர் வைத்த அடி பெரியது. ஓர் இயந்திரத்தின் விதிகளையே குறிகளாக மாற்றி நாடாவில் எழுதினால், இன்னோர் இயந்திரம் அவற்றை வாசித்து முதல் இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ள முடியும். இன்றைய கணினியின் வேர் இதுதான். ஆனால் இதனால் ஒரு பிரச்சினையும் கூடவே பிறந்தது. கட்டளையும் தரவும் ஒரே நாடாவில், ஒரே குறிகளில் இருக்கின்றன. ஓரிடத்தில் இருக்கும் குறியைப் பார்த்தவுடன் இது கட்டளை, இது எண் என்று சொல்ல முடியாது. வாசிப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறாரோ அதுவே அதன் பொருள்.

போர்

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா போரை அறிவித்தது. மறுநாள் டூரிங் பிளெட்ச்லி பார்க்குக்குப் போனார். அப்போது வயது 27. ஜேர்மனியின் எனிக்மா இயந்திரம் அனுப்பிய செய்திகள் வானொலி கேட்கும் எவருக்கும் கிடைத்தன. எழுத்துகள் கண்முன்னே இருந்தன, பொருள் மட்டும் இல்லை. அன்றைய நாளின் அமைப்பு தெரிந்தால் அதே எழுத்துகள் கட்டளையாகவும் வானிலை அறிக்கையாகவும் மாறிவிடும்.

போலந்துக் கணிதவியலாளர்கள் முன்பே செய்திருந்த வேலையின் மேல் நின்று டூரிங் பொம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். கோர்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். முதலாவது பொம்ப் 1940 மார்ச்சில் வந்தது. செய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தோடு முரண்படும் அமைப்புகளையெல்லாம் இயந்திரம் ஒதுக்கித் தள்ளும். எஞ்சுவதை மனிதர்கள் சோதிப்பார்கள். ஜேர்மன் கடற்படையின் குறியீட்டைக் கவனித்த எட்டாம் கூடத்துக்கு அவர் பொறுப்பாக இருந்தார். அட்லாண்டிக்கில் உணவும் எரிபொருளும் கொண்டுவந்த கப்பல்கள் தப்புவதற்கு அந்த வேலை உதவியது.

போர் முடிந்ததும் 1946இல் அவருக்கு ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. எதற்காக என்று அவர் தாயிடம்கூடச் சொல்ல முடியாது. எல்லாம் இரகசியம்.

மன்செஸ்டரின் சாய்கோடுகள்

1948இல் டூரிங் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அந்த ஆண்டு ஜூன் 21ஆம் திகதி, நினைவகத்திலேயே நிரலை வைத்து ஓடும் உலகின் முதலாவது மின்னணுக் கணினி அங்கே இயங்கியிருந்தது. பிரெட் வில்லியம்ஸ், டொம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகியோரின் படைப்பு அது. பிட்கள் தொலைக்காட்சிக் குழாய் போன்ற ஒன்றின் முகத்தில் மின்னேற்றப் புள்ளிகளாகச் சேமிக்கப்பட்டன. நிரலை நிறுத்திவிட்டுத் திரையில் புள்ளிகளைக் கண்ணால் பார்க்கலாம். இன்றைய டிபகரின் ரெஜிஸ்டர் பட்டியலுக்கு அன்று இருந்தது அந்தத் திரைதான்.

1951இல் அதன் வழிவந்த ஃபெரான்டி மார்க் 1 கணினி பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதற்கான நிரலாளர் கைநூலை டூரிங் எழுதினார். அந்தக் கணினியில் ஒரு வரி 20 பிட்கள் கொண்டது. ஐந்து ஐந்தாகப் பிரித்தால் நான்கு துண்டுகள். ஐந்து பிட்களில் 32 வகைகள் வரும். தந்தி அச்சு இயந்திரத்தின் 32 குறிகளை அவற்றுக்கு ஒன்றுக்கொன்றாக வைத்தார்கள். பூச்சியத்துக்குச் சாய்கோடு. ஒன்றுக்கு ஆங்கில எழுத்து ஈ. குறைந்த பெறுமானம் கொண்ட இலக்கம் இடது பக்கத்தில் முதலாவதாக வரும். ஆகவே ஈ என்ற எழுத்தும் அதன் பின்னால் மூன்று சாய்கோடுகளும் இருந்தால் ஒன்று என்று பொருள். அச்சடித்த தாள்களில் வெறுமையான இடமெல்லாம் சாய்கோடுகளாக நிறைந்திருக்கும்.

அதே நான்கு குறிகள் ஓர் எண்ணாகவும் இருக்கலாம், ஒரு கட்டளையாகவும் இருக்கலாம். எண் என்றாலும் கேள்வி தீராது. 20 பிட்களும் ஒன்றாக இருந்தால் அது 1,048,575. மறைப் பெறுமானங்களையும் ஏற்கும் முறையில் வாசித்தால் அதே வரி −1. எதை எடுப்பது என்று வரி சொல்லாது. அதைக் கையாளும் கட்டளைதான் தீர்மானிக்கும். இதற்காகவே அந்தக் கணினியில் குறியுள்ள எண்ணுக்கும் குறியில்லாத எண்ணுக்கும் வெவ்வேறு கட்டளைகள் இருந்தன.

டூரிங்குக்கு இந்தக் குறிகள் மனப்பாடம். மற்றவர்களும் அப்படியே படிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். பலர் திணறினார்கள். 1949இல் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் அவர் கரும்பலகையில் சாதாரண எண்களைக்கூடத் தலைகீழ் வரிசையில் எழுதியதாக, மாநாட்டை நடத்திய மொரிஸ் வில்க்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். எழுதியவருக்கு அது சரியான எண். பார்த்திருந்தவர்களுக்கு அது வேறோர் எண்.

ஓர் அட்டவணை

அதே மாநாட்டில், 1949 ஜூன் 24ஆம் திகதி, அவர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தார். நீளமான ஒரு நிரல் சரியாக இருக்கிறது என்று எப்படி உறுதிசெய்வது என்பதே கேள்வி. நிரலை எழுதியவர், நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இடத்தில் எது இருக்க வேண்டும் என்பதை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்றார். அப்படி எழுதிவைத்தால் சரிபார்ப்பவர் முழு நிரலையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாகச் சோதித்துப் போகலாம். உதாரணமாக, பெருக்கல் வசதி இல்லாமல் கூட்டலாலேயே காரணியம் கணிக்கும் ஒரு நிரலைக் காட்டினார். கூடவே ஓர் அட்டவணை. சேமிப்பிடங்கள் ஒரு பக்கம், நிரலின் கட்டங்கள் மறுபக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தில் என்ன பெறுமானம் என்ற விபரம் நடுவில்.

அந்தக் கட்டுரை நீண்டகாலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. இதே எண்ணத்தை 1960களில் ரொபர்ட் ஃபுளொய்டும் டோனி ஹோரும் தனியாக வளர்த்தெடுத்தார்கள். 1984இல் இரண்டு ஆய்வாளர்கள் டூரிங்கின் கட்டுரையை மீண்டும் வெளியிட்டார்கள். அதற்கு முன் அதில் நிறையத் திருத்த வேண்டியிருந்தது. கையெழுத்திலிருந்து தட்டச்சுக்குப் போனபோது கணிதக் குறிகளும் எழுத்துகளும் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருந்தன. பிழையைத் தேடுவது பற்றிய கட்டுரையிலேயே குறிகள் தவறாக வாசிக்கப்பட்டிருந்தன.

இன்றைய டிபகர் என்ன செய்கிறது

டிபகர் டூரிங்கின் அட்டவணையிலிருந்து நேராகப் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேவை ஒன்றுதான். 1986இல் தொடங்கிய ஜி.டி.பி. என்ற டிபகரைத் தம்பி எனக்குத் திறந்து காட்டினான். நாம் வழக்கமாகப் பாவிக்கும் 64 பிட் மேசைக்கணினிகளின் செயலியில் பொதுப் பயன்பாட்டுக்கு 16 ரெஜிஸ்டர்கள். டிபகர் அவற்றுக்கு இரண்டு வழிகளில் தரவு வகையைக் கொடுக்கிறது.

முதலாவது வழி, செயலியைப் பற்றி அதற்கு முன்பே தெரிந்த விபரம். பொது ரெஜிஸ்டர் என்றால் முழு எண். அடுத்த கட்டளை எங்கே என்று சுட்டும் ரெஜிஸ்டர் என்றால் நிரல் முகவரி. ஒவ்வொரு பிட்டும் ஒரு கொடியாக நிற்கும் ரெஜிஸ்டர் என்றால் எழும்பியிருக்கும் கொடிகளின் பெயர்கள். 128 பிட் அகலமான ரெஜிஸ்டர் வந்தால் டிபகர் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்காது. நான்கு தசம எண்களாக, இரண்டு பெரிய தசம எண்களாக, 16 பைட்களாக, எல்லா வாசிப்பையும் அருகருகே காட்டும். வாசிப்பு மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: ஒரே 32 பிட்கள் முழு எண்ணாக 1,065,353,216. தசம எண்ணாக அது வெறும் 1.

இரண்டாவது வழி, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றிய கம்பைலர் விட்டுச்செல்லும் குறிப்பு. டுவார்ஃப் என்ற வடிவத்தில் அது கோப்போடு சேர்ந்திருக்கும். இந்த மாறியின் பெயர் இது, வகை இது, இந்தக் கட்டளையிலிருந்து அந்தக் கட்டளை வரை அது இந்த ரெஜிஸ்டரில் இருக்கும், பிறகு நினைவகத்துக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருக்கும். சற்று முன் ஒருவரின் வயதை வைத்திருந்த ரெஜிஸ்டர் சில கட்டளைகளுக்குப் பிறகு ஒரு முகவரியை வைத்திருக்கலாம். ஆகவே வகை ரெஜிஸ்டருக்குச் சொந்தமானதல்ல. அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் உரியது. டூரிங்கின் அட்டவணையிலும் இடம் ஒரு பக்கம், கட்டம் மறுபக்கம்தானே.

குறிப்பு இல்லாவிட்டால் டிபகர் வெறும் எண்ணை மட்டும் காட்டும். பழைய குறிப்பைப் புதிய நிரலோடு தவறாகச் சேர்த்தால், பிழையான விடையை நம்பிக்கையோடு காட்டும். கம்பைலர் வேகத்துக்காக ஒரு மாறியை அழித்துவிட்டிருந்தால், அது நீக்கப்பட்டுவிட்டது என்று ஒளிக்காமல் சொல்லும். அந்த இடத்தில் ஒரு பூச்சியத்தைப் போட்டு மூடிவிடாது. எனக்கு அந்தக் கருவியில் பிடித்தது அந்த நேர்மைதான்.

ஒரு மனிதர் மேல் ஒட்டிய வகை

1952 ஜனவரியில் டூரிங்கின் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே பொலிஸுக்குப் போனார். விசாரணையில் ஓர் இளைஞருடன் தனக்கு இருந்த உறவை மறைக்காமல் சொன்னார். திருட்டைச் சொல்லப் போனவர் குற்றவாளியானார். 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியிருந்தது. மார்ச் 31ஆம் திகதி தீர்ப்பு. சிறைக்குப் பதிலாக ஒரு வருடம் ஹோர்மோன் செலுத்தும் நிபந்தனையை ஏற்றார். இரகசிய வேலைக்கான அனுமதியும் போனது. பிளெட்ச்லி பார்க்கில் கூட இருந்த ஹியூ அலெக்சாண்டரும் மெக்ஸ் நியூமனும் அவருடைய நன்னடத்தைக்குச் சாட்சி சொன்னார்கள். ஆனால் அவர் போரில் செய்ததை நீதிமன்றத்தில் விரித்துச் சொல்ல எவராலும் முடியாது. அந்தத் தகவல் பூட்டிய பெட்டியில் இருந்தது. நீதிமன்றத்துக்குத் தெரிந்த ஒரே வகை அந்தச் சட்டம் கொடுத்த வகை.

அதே காலனித்துவச் சட்ட மரபு இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையிலும் 365ஆம், 365ஏ பிரிவுகளாக வந்தது. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்தத் தொடங்கியது. இங்கே 1995இல் அது பெண்களையும் உள்ளடக்கும்படி விரிவாக்கப்பட்டது.

1954 ஜூன் 8ஆம் திகதி டூரிங் வில்ம்ஸ்லோவில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். முதல் நாள் உயிர் பிரிந்திருந்தது. வயது 41. காரணம் சயனைட். கட்டிலருகே பாதி கடித்த அப்பிள் ஒன்று இருந்தது. அதை எவரும் பரிசோதிக்கவில்லை. மரண விசாரணை தற்கொலை என்று முடித்தது. தாய் அதை ஏற்கவில்லை. மகன் வீட்டில் இரசாயனப் பரிசோதனைகள் செய்பவன், கை கழுவாத கவலையீனத்தால் நடந்த விபத்து என்று நம்பினார். ஒரே அறை, ஒரே தடயங்கள், இரண்டு வாசிப்புகள். 1959இல் மகனின் வாழ்க்கை வரலாற்றை அந்தத் தாய் எழுதி வெளியிட்டபோதும் போரில் அவன் என்ன செய்தான் என்பதை உலகம் அறிந்திருக்கவில்லை. பிளெட்ச்லி பார்க்கின் இரகசியம் 1974இல்தான் பரவலாக வெளியே வந்தது. தாய் 1976இல் இறந்தார்.

2009 செப்டெம்பரில் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசெம்பரில் அரச பொதுமன்னிப்பு கிடைத்தது. 2021இல் அவருடைய முகம் 50 பவுண் தாளில் வந்தது. அவருடைய வாழ்க்கையில் நடந்தது எதுவும் இடையில் மாறவில்லை. அதை வாசிக்கும் முறை மாறுவதற்கு 60 வருடங்கள் பிடித்தன.

திரும்பவும் அந்த 14 கோப்புகள்

அப்பாவின் கடிதங்களை இப்போது வாசிக்கிறேன். அவருடைய சண்டை பெரும்பாலும் ஒரு சொல்லைப் பற்றியது. எந்தப் படிவமும் சித்தப்பாவுக்கு ஒரு வகை கேட்டது. இறந்தவர் என்று எழுதினால் மரணச் சான்றிதழும் அதோடு வரும் உதவியும். எழுத மறுத்தால் ஒன்றும் இல்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் எடுக்கும் வழி வந்தது. அதையும் எடுப்பதா விடுவதா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவில்லை. தெரியாததைத் தெரியாது என்று பதிவதற்கும், தேடலை முடித்துவிடுவதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் அந்தக் கோட்டில்தான் நின்றிருக்கிறார்.

வன்னியிலிருந்து வந்த பல வீடுகளில் இப்படிப் பழைய எழுத்துருவில் கோப்புகள் கிடக்கும் என்று நினைக்கிறேன். முறைப்பாடுகள், பட்டியல்கள், பிள்ளைகளின் விபரங்கள். அவற்றைத் தட்டச்சு செய்தவர்கள் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். கூடவே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்த எழுத்துரு, யார் சொன்னது, யார் அடித்தது, எந்த ஆண்டு, இதில் வரும் பெயர் நமக்கு என்ன உறவு, அன்று எது உறுதியாகத் தெரிந்தது, எது தெரியவில்லை.

நான் 14 கோப்புகளுக்கும் அப்படி எழுதி முடித்தேன். சித்தப்பாவின் பெயருக்கு நேரே, கடைசியாகக் கண்ட இடமும் திகதியும் போட்டேன். அடுத்த கட்டத்தில் அம்மாவிடம் கேட்டு, பதில் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதினேன்.